ஒன்று அல்லது இரண்டு

துரைப்பாக்கத்தில் ஒரு கண்ணாடிக் கட்டடம், அதில் நாலாவது மாடி, அந்த மாடியில் களைத்துப்போன பெண்களை ஓய்வெடுக்க வைக்கப்போவதாகச் சொல்லிக்கொண்ட ஒரு கம்பெனி, அந்தக் கம்பெனியில் எந்த வேலையும் செய்யாமல் எல்லா வேலைக்கும் பொறுப்பாயிருந்த தணிகைவேல் என்று ஒருத்தன். இப்படியாக இவர்கள் எல்லோரும் சௌக்கியமாக இருந்த காலத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்துக்கு, தணிகைவேல் ஸ்லைடில் எழுதிவைத்த பூங்கோதை லிஃப்டில் ஏறி வந்து இறங்கினாள். தோளில் ஒரு கட்டைப்பை, இடது பக்கம் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்குழந்தை, வலது பக்கம் கையைப் பிடித்துக்கொண்டு அதைவிடச் சின்னதாய் இன்னொரு பெண்குழந்தை. லிஃப்டிலிருந்து ரிசப்ஷனுக்கு வருவதற்குள் சின்னது இல்லை.

தணிகைவேலை ஆபீசில் டேனி என்று கூப்பிடுவார்கள். அரக்கோணத்தில் அவன் அம்மாவிடம் யாராவது பையன் என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்டால், "கம்ப்யூட்டர்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்வி வருவதற்குள் காபி போட உள்ளே போய்விடுவாள்; பாவம், அவளுக்கு என்ன தெரியும், அவனுக்கே தெரியாது. அவன் ப்ராடக்ட் மேனேஜர். ப்ரோக்ராம் எழுதமாட்டான், எழுதுகிறவனிடம் போய் எப்போது முடியும் என்று கேட்பான். படம் வரையமாட்டான், வரைகிறவளிடம் போய் இன்னும் கொஞ்சம் ஃபீல் வேணும் என்பான். விற்கமாட்டான், விற்கிறவனிடம் போய் ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு, இந்த மூன்று பேர் சொன்னதையும் ஒன்றாகக் கலக்கி, வெள்ளிக்கிழமை ஒரு ஸ்லைடில் போட்டுக் காட்டிக் கைதட்டு வாங்குவான். வாயில் வடை சுடுகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், ஆனால் அதற்கு அடையாள அட்டை மாட்டி, ஏசி போட்டு, மதியம் சாப்பாடும் போடுகிற இடம் அது ஒன்றுதான்.

அவர்கள் செய்த ஆப்பின் பெயர் 'அப்பாடா'. மணிக்கு ஒரு தடவை போன் டிங் என்று அடித்து, 'ஓய்வெடுங்கள் தோழி' என்று சொல்லும். தொட்டால் பத்து நிமிஷம் மழைச் சத்தம் கேட்கும். அவ்வளவுதான் ஐயா ஆப்பு. இதற்கு முப்பத்திரண்டு பேர், நாலு மீட்டிங் ரூம், படுத்துக்கொண்டே யோசிக்க மூட்டை மூட்டையாய் மெத்தை, சுவர் முழுக்க 'பயனரே தெய்வம்' என்று பச்சை விளக்கில் எழுத்து. கம்பெனியைத் தொடங்கிய விக்ராந்த் செருப்பில்லாமல்தான் நடப்பார். பூமியின் சக்தி பாதம் வழியாக ஏறுமாம், நாலாவது மாடியில், கார்ப்பெட் மேலே.

இன்னொன்று சொல்ல வேண்டும். வாசலுக்கு எதிரே ஒரு பித்தளை மணி தொங்கியது. எந்தக் குறை வந்தாலும் அதற்கு ஒரு நம்பர் கொடுத்து டிக்கெட் என்று பட்டியலில் ஏற்றுவார்கள். ஒரு டிக்கெட் முடிந்துவிட்டால் முடித்தவன் போய் மணியை அடிக்க வேண்டும், மற்றவர்கள் எல்லோரும் எழுந்து நின்று கைதட்ட வேண்டும். என்ன முடிந்தது, எப்படி முடிந்தது என்று யாரும் கேட்கிற வழக்கமில்லை.

பூங்கோதை பிறந்ததும் ஒரு வழக்கத்தால்தான். இந்தத் தொழிலில், வாங்கப்போகிற ஜனங்களை நேரில் போய்ப் பார்க்கச் சோம்பேறித்தனமாக இருப்பதால், அத்தனை பேருக்கும் பதிலாக ஒரே ஒரு ஆளைக் கற்பனையில் செய்து, பெயர் வைத்து, போட்டோ ஒட்டி, இனி எதைச் செய்தாலும் இவளுக்காகச் செய்கிறோம் என்று எல்லோரும் சத்தியம் செய்துகொள்வார்கள். அதற்கு பர்சோனா என்று பெயர். விக்ராந்த் நாற்பது பெண்களைப் பார்த்துப் பேசிவிட்டு எழுதச் சொல்லியிருந்தார். தணிகைவேல் ஒருத்தியைக்கூடப் பார்க்கவில்லை. பார்சல் பரோட்டாவுக்குக் காத்திருந்த பதினோரு நிமிஷத்தில் எழுதி முடித்துவிட்டு, 'நாற்பது பெண்களிடம் உரையாடியதில் கண்டது' என்று தலைப்பு போட்டான்.

ஸ்லைடில் இருந்தது இதுதான். பெயர் பூங்கோதை. வயது முப்பது முதல் நாற்பது. ஊர், இரண்டாம் நிலை நகரம். கணவர் ஆதரவானவர், ஆனால் பிஸி. குழந்தைகள், ஒன்று அல்லது இரண்டு. கீழே அவள் சொன்னதாக ஒரு வாக்கியம்: 'எனக்குன்னு பத்து நிமிஷம் கிடைச்சா போதும்.' ஏன் ஒன்று அல்லது இரண்டு என்று கேட்கிறீர்களா? ஒன்று என்று போட்டால் ஏன் ஒன்று என்று எவனாவது கேட்பான், இரண்டு என்று போட்டால் ஏன் இரண்டு என்று கேட்பான், இரண்டையும் போட்டுவிட்டால் வாயை மூடிக்கொண்டு தலையாட்டுவார்கள். அவன் ஆறு வருஷ அனுபவத்தில் கற்றுக்கொண்டது மொத்தமும் இதுதான். போட்டோவை ஓசியில் கிடைக்கும் இடத்திலிருந்து எடுத்து, முகம் எழுத்தைப் பார்க்கட்டும் என்று இடவலமாகத் திருப்பி ஒட்டினான்.

அதனால்தான் ரிசப்ஷனில் வந்து நின்றவளுக்கு முந்தானை வலது தோளில் கிடந்தது. ஆபீஸ் முழுக்க அவளைப் பார்த்தது. எல்லோருக்கும் அடையாளம் தெரிந்தது. யாருக்கும் தூக்கிவாரிப் போடவில்லை. ரிசப்ஷன் பெண் ரெஜிஸ்டரை எடுத்து, "எந்த ஊர்லேர்ந்து வர்றீங்க?" என்று கேட்டாள்.

"ரெண்டாம் நிலை ஊருங்க."

"கூட யாரும் வரலியா?"

"அவரு கீழ இருக்காரு. ஆதரவாத்தான் இருப்பாருங்க. பிஸி."

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். பார்க்கிங்கில் ஒரு ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தான். கடைசிவரை அவன் திரும்பவேயில்லை.

"யாரைப் பாக்கணும்?"

"என்னை எழுதினவரைப் பாக்கணும்," என்றாள் பூங்கோதை. தணிகைவேல் மானிட்டருக்குப் பின்னால் குனிந்துகொண்டான். குனிந்து என்ன பிரயோஜனம், எல்லோரும் அவனைத்தான் கை காட்டினார்கள்.

அவள் வந்து அவன் மேஜைப் பக்கத்தில் நின்றாள். நின்ற மாத்திரத்தில் வலது கையில் அந்தச் சின்னது மறுபடி இருந்தது. மூன்று வயதிருக்கும், மூக்கு ஒழுகியது, ஒரு கால் கொலுசைக் காணோம். தணிகைவேல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கொட்டாவி விட்டது, பாதிக் கொட்டாவியில் இல்லாமல் போனது. பூங்கோதையின் கை மட்டும் ஒரு குழந்தையைப் பிடித்த மாதிரியே அந்தரத்தில் நின்றது.

"பாத்தீங்களா சார், இப்படித்தான்," என்றாள். "சோறு ஊட்டிக்கிட்டு இருப்பேன், ஊட்டுற கை அப்படியே நிக்கும். குளிப்பாட்டிக்கிட்டு இருப்பேன், தண்ணி தரையில விழும். எங்க போவுது, யாரு பாத்துக்கறாங்க, ஒண்ணும் தெரியல. திரும்பி வரும்போது சில சமயம் அழுதுக்கிட்டே வருது. என் வயசு ஏறி எறங்குது, அது போவட்டும் சார், நான் கேக்க வரல. ரெண்டுன்னு எழுதிடுங்க. அந்த 'அல்லது'வ மட்டும் எடுத்துடுங்க." சொல்லி முடித்ததும் அவள் முகம் தானாகவே போட்டோவில் இருந்த சிரிப்புக்கு மாறியது, வாய் தானாகவே, "எனக்குன்னு பத்து நிமிஷம் கிடைச்சா போதும்" என்றது. சொல்லிவிட்டு வெட்கப்பட்டாள். "இது அப்பப்ப வந்துடுதுங்க," என்றாள்.

தணிகைவேல் அந்த நேரம் உண்மையிலேயே இரங்கிப்போனான், அதை மறைக்க வேண்டாம். உடனே ஸ்லைடைத் திறந்து 'அல்லது'வின் மேல் கர்சரை வைத்தான். வைத்த கையோடு பின்னாலிருந்து விக்ராந்தின் வெறுங்கால் வந்து நின்றது.

"டேனி, என்ன மாத்தற?"

"குழந்தை... ரெண்டுன்னு போட்டுடலாம்னு..."

"ரெண்டுக்கு டேட்டா இருக்கா?"

என்ன சொல்வான்? டேட்டா இல்லை என்றால் நாற்பது பெண்கள் இல்லை, நாற்பது பெண்கள் இல்லை என்றால் ஆறு மாதமாக அவன் காட்டிய ஸ்லைடு எல்லாம் பரோட்டாக் கடையில் பிறந்தவை, சீக்கிரமே வரவிருந்த ஹெட் ஆஃப் ப்ராடக்ட் என்ற பதவியும் அந்தக் கடை வாசலிலேயே நின்றுவிடும். "இல்ல, பாக்கணும்," என்றான்.

"அப்ப டிக்கெட் போடு. ப்ராசஸ்ல வரட்டும். பயனர் கேட்டுட்டாங்கன்னு மாத்தினா நாம என்ன கம்பெனியா, கல்யாண மண்டபமா?" என்று சொல்லிவிட்டு, விக்ராந்த் பூங்கோதையின் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "நீங்கதான் எங்களுக்கு தெய்வம்மா. உக்காருங்க."

டிக்கெட் நம்பர் நானூற்றுப் பதினேழு. 'குழந்தைகள் எண்ணிக்கை நிலையாக இல்லை.' அவசரம்: நடுத்தரம்.

பூங்கோதை உட்கார்ந்தாள். அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகு தினமும் காலையில் முப்பது வயதில் வந்து உட்கார்ந்தாள், டீ நேரத்துக்கெல்லாம் காதோரம் நரைத்து நாற்பது வயதில் எழுந்து போனாள். அந்த ஆபீஸ் அவளை எப்படி ஏற்றுக்கொண்டது என்கிறீர்கள்! முதல் நாள் கழுத்தில் விசிட்டர் அட்டை மாட்டினார்கள். இரண்டாம் நாள் அவளை நடுவில் நிறுத்தி முப்பத்திரண்டு பேரும் போட்டோ எடுத்து, 'இன்று எங்கள் பயனர் எங்களைத் தேடி வந்தார், நான் கற்றுக்கொண்ட ஏழு பாடங்கள்' என்று அவரவர் இணையப் பக்கத்தில் எழுதினார்கள். மூன்றாம் நாள் டிசைன் பெண் ஒரு ஸ்கேலைக் கொண்டுவந்து, போன் பட்டனின் அளவுக்காக அவள் கட்டைவிரலை அளந்தாள். எல்லா மீட்டிங்கிலும் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். எந்த மீட்டிங்கிலும் அவளைப் பேசச் சொல்லவில்லை. ஒருமுறை அறுபது கேள்வி கொண்ட தாளைக் கொடுத்து, 'உங்கள் களைப்பை ஒன்றிலிருந்து ஐந்துக்குள் குறிக்கவும்' என்றார்கள். அவள் அந்தத் தாள் முழுக்க, அறுபது கட்டத்திலும், இரண்டு என்று எழுதிக் கொடுத்தாள். களைப்பு குறைவு என்று புரிந்துகொண்டு ஆபீசே சந்தோஷப்பட்டது.

செய்தி கட்டடம் முழுக்கப் பரவியது. இரண்டாவது மாடியில் மளிகை டெலிவரி செய்கிற கம்பெனியில் 'நகர்ப்புற இளைஞன் அஸ்வத்' என்று ஒருவனை எழுதி ஒரு வருஷமாகிறது, அவன் இன்னும் வரவில்லையே என்று அங்கே ஏக வருத்தம். ஆறாவது மாடியில் முதியோருக்கு மாத்திரை ஞாபகப்படுத்துகிற கம்பெனிக்காரர்கள் தங்கள் கிழவருக்கு நாலு வியாதி எழுதியிருந்ததால் பயந்துபோய் ராவோடு ராவாக அழித்துவிட்டார்கள். 'உங்கள் பர்சோனாவை நடந்து வர வைப்பது எப்படி' என்று தணிகைவேலை மேடையேற்றிப் பேசச் சொன்னார்கள். அவனும் கூச்சமில்லாமல் போய்ப் பேசினான். "நாற்பது பேரோட வலிய நான் உள்வாங்கினேன்," என்றான். கைதட்டினார்கள். முன்வரிசையில் பூங்கோதையும் உட்கார்ந்திருந்தாள், மடியில் சின்னது தூங்கிக்கொண்டிருந்தது. அவன் பேசி முடிப்பதற்குள் மடி காலியாயிருந்தது.

அந்த மாடியில் அவளை ஒரு மனுஷியாகப் பார்த்தது ஹவுஸ்கீப்பிங் லூர்துமேரி அக்கா ஒருத்திதான். முதல் நாளே பாத்ரூமுக்குக் கூட்டிப்போய் முந்தானையை இடது தோளில் போட்டு பின் குத்திவிட்டாள். வெளியே வருவதற்குள் அது வலது தோளுக்குத் தாவிவிட்டது. "சர்தான் போ," என்று விட்டுவிட்டாள். பிள்ளைகளுக்குப் பேர் என்ன என்று கேட்டாள். ஸ்லைடில் பேர் இல்லையாதலால் பூங்கோதைக்குத் தெரியவில்லை. "பேர் இல்லாத புள்ளையா, நல்லாருக்கே ஞாயம்," என்று லூர்துமேரியே பெரியவளுக்கு ஸ்டெல்லா என்றும் சின்னதுக்கு ரோசி என்றும் வைத்தாள். தினமும் நாலு மணிக்கு பேன்ட்ரியிலிருந்து இரண்டு பிஸ்கட் பாக்கெட் கொண்டுவருவாள். ரோசி இல்லாத நேரமாயிருந்தால் ஸ்டெல்லா இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டு, தன்னுடையதையும் பிரிக்காமல், லிஃப்டைப் பார்த்தபடியே நிற்பாள். ரோசிக்கு அந்த ஆப்பின் மழைச் சத்தம் பிடிக்கும். யாராவது போனில் போட்டுவிட்டால் கார்ப்பெட்டில் குதித்துக் குதித்து நனைவாள். அந்த ஆப்பை உலகத்தில் யாராவது சந்தோஷமாக உபயோகித்தார்கள் என்றால் அது அவள்தான். அந்தத் தகவலை எவனும் குறித்துவைக்கவில்லை.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பட்டியலைத் திறந்து எது முதலில், எது பிறகு என்று பேசுவார்கள். நானூற்றுப் பதினேழு ஒவ்வொரு தடவையும் வந்தது. ஒருத்தன் இது முக்கியம் என்பான், இன்னொருத்தன் ரொம்ப முக்கியம் என்பான், எல்லோரும் தலையாட்டுவார்கள், பிறகு அடுத்த தடவை பார்க்கலாம் என்று தள்ளுவார்கள். மழைச் சத்தத்தில் தவளைச் சத்தம் சேர்க்கிற டிக்கெட் முன்னால் போனது. போன் திரையில் பட்டனை ஊதா நிறமாக்குகிற டிக்கெட் முன்னால் போனது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. ரோசி போனால் திரும்பி வருவதற்கு முதலில் பத்து நிமிஷமானது, பிறகு ஒரு மணி நேரமானது, பிறகு ஒரு நாள் முழுக்க வரவேயில்லை.

அடுத்த நாள் லூர்துமேரி தணிகைவேலின் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். "ஏம்ப்பா, ஒரு நம்பர அடிக்க உங்களுக்கு மூணு மாசமா? எந்தப் பொத்தான்னு சொல்லு, நான் அழுத்துறேன்."

"அப்படியெல்லாம் சும்மா மாத்த முடியாதுக்கா. அதுக்குப் பின்னாடி நெறைய இருக்கு."

"என்னா இருக்கு?"

"உங்களுக்குப் புரியாதுக்கா."

"எனக்கு நல்லாப் புரியுது," என்று சொல்லிவிட்டு அவன் காலடியில் தரையைத் துடைத்தாள்.

அந்த வார வெள்ளிக்கிழமை முதலீட்டாளர் வந்தார். அன்றைக்கு விக்ராந்த் ஷூ போட்டிருந்தார். பெரிய திரையில் பூங்கோதையின் ஸ்லைடு, திரைக்குப் பக்கத்து நாற்காலியில் பூங்கோதை, அவளுக்கு இடது பக்கம் ஸ்டெல்லா. முதலீட்டாளர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஒரு ஆள் இருக்கிறாள் என்பதில் அவருக்கும் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. "ஒன்று அல்லது இரண்டு," என்று படித்தார். "இது என்ன? ரெண்டு குழந்தை இருக்கறவ போனைத் தொடவே மாட்டா. அவளை வெச்சு என்ன பண்ணப் போறீங்க? ஒண்ணுன்னா பேசலாம். முதல்ல உங்க ஆள் யாருன்னு முடிவு பண்ணுங்க."

விக்ராந்த் திரும்பினார். "டேனி, நாப்பது பேர்கிட்ட பேசினவன் நீதான். சொல்லு. ஒண்ணா, ரெண்டா?"

அந்த நேரம் பார்த்துத்தான் ரோசி வந்திருந்தாள். இரண்டு நாள் கழித்து வந்தவள் அம்மாவின் வலது கையைப் பிடித்துக்கொண்டு, விசும்பல் இன்னும் அடங்காமல், ஏசிக் குளிரில் ஒரு காலை இன்னொரு கால் மேல் வைத்துக்கொண்டு நின்றாள். அறையில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பூங்கோதை தணிகைவேலைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் அந்த வாக்கியம் வந்துவிடுமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டு, பிடித்திருந்த கையை மட்டும் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள், இதோ இருக்கிறாள் பாருங்கள் என்பது போல.

ஆண்டவனே நேரில் வந்து கேட்ட மாதிரி ஒரு கேள்வி. இரண்டு என்று ஒரு வார்த்தை. போனால் ஒரு பதவி போகும், ஒரு பொய் வெளியே வரும், அரக்கோணத்துக்குப் பஸ் ஏறினால் ஒன்றரை, இரண்டு மணி நேரம்.

"ஒண்ணுதான்," என்றான் தணிகைவேல். "டேட்டா ஒண்ணுன்னுதான் சொல்லுது."

"அப்ப மாத்து. இப்பவே."

மூன்று மாதம் ப்ராசஸில் நின்ற வேலை நாலு நொடியில் முடிந்தது. பூங்கோதை தன் வலது கையைப் பார்த்தாள். விரல்கள் எதையோ பிடித்த மாதிரி மடங்கியிருந்தன; ஏன் மடங்கியிருக்கின்றன என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு விரலாக விரித்து, உள்ளங்கை ஈரத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு, போட்டோவில் இருந்த சிரிப்பைச் சிரித்து, "எனக்குன்னு பத்து நிமிஷம் கிடைச்சா போதும்," என்றாள். முதலீட்டாளருக்கு அந்த வாக்கியம் மிகவும் பிடித்துவிட்டது.

மூன்றரை மணிக்குத் தணிகைவேல் ஹெட் ஆஃப் ப்ராடக்ட் ஆனான். தனியாக வந்து உட்கார்ந்து ஸ்லைடின் பழைய பிரதிகளைத் திறந்து பார்த்தான். எல்லாம் பத்திரமாக இருந்தன. நேற்றைய பிரதியில் 'ஒன்று அல்லது இரண்டு' அப்படியே இருந்தது, பக்கத்தில் 'மீட்டெடுக்க' என்று ஒரு பட்டனும் இருந்தது. அதன் மேல் கர்சரை வைத்தான். 'இந்த மாற்றம் அனைவருக்கும் தெரிவிக்கப்படும்' என்று வந்தது. மூடிவிட்டான். ச்சீ, என்ன ஜென்மம்.

நாலு மணிக்கு லூர்துமேரி இரண்டு பிஸ்கட் பாக்கெட்டுடன் வந்தாள். "ஒருத்திதானேக்கா, எதுக்கு ரெண்டு?" என்று பூங்கோதை கேட்டாள். லூர்துமேரி அவள் முகத்தைப் பார்த்தாள், வலது கையைப் பார்த்தாள், திரையில் இன்னும் அணைக்காமல் கிடந்த ஸ்லைடைப் பார்த்தாள். இரண்டு பாக்கெட்டையும் ஸ்டெல்லாவின் இரண்டு கையிலும் கொடுத்துவிட்டு நேராகத் தணிகைவேலிடம் வந்தாள்.

"ரோசி எங்கடா?"

"அக்கா... ஸ்கோப் மாறிடுச்சுக்கா."

"நாசமாப் போறவனே," என்றாள் லூர்துமேரி, ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி. கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி அவன் கீபோர்டின் மேல் போட்டுவிட்டு, லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியிறங்கிப் போனாள். மறுபடி அவள் அந்தக் கட்டடத்துக்கு வரவில்லை.

தணிகைவேல் அட்டையை ஓரமாகத் தள்ளி வைத்தான். பட்டியலைத் திறந்தான். நானூற்றுப் பதினேழு மேலேயே நின்றது. குழந்தைகள் எண்ணிக்கை நிலையாக இல்லை. ஒரு நிமிஷம் யோசித்தான். இப்போது நிலையாகத்தானே இருக்கிறது? இனி ஏறாது, இறங்காது. 'தீர்ந்தது' என்று அழுத்தினான். அழுத்தினால் மணி அடிக்க வேண்டும், வழக்கத்தை மீற முடியுமா, அதுவும் ஹெட் ஆன அன்றைக்கு? எழுந்து போய் அடித்தான்.

முப்பத்தோரு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். என்ன முடிந்தது என்று யாரும் கேட்கவில்லை. பூங்கோதையும் நாற்காலியிலிருந்து எழுந்து, சிரித்தபடி, இரண்டு கையாலும் கைதட்டினாள். ஸ்டெல்லா லிஃப்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு கையிலும் பாக்கெட் இருந்ததால் அவளால் மட்டும் தட்ட முடியவில்லை.